மூன்று மாதச் சிறையும் ஏழாண்டுச் சிறையும்

பழனி மலையின் கீழ்ப்பகுதியில், சித்தரேவு அடிவாரத்திலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதையில் பெரும்பாறைக்கு வந்து சேருகிறவர்கள் இருமருங்கும் காண்பது காப்பிச் செடியும், அதற்கு நிழலுக்காக வளர்த்த மரங்களும், அம்மரங்களைப் பற்றிக்கொண்டு ஏறிய மிளகுக் கொடிகளுமே ஆகும். பங்குனி, சித்திரையில் பெய்யும் மழைக்குப் பூத்து, கார்த்திகை பிறந்ததும் பழுக்கத் தொடங்கும் காப்பியைத் தை மாதம் வரையில் கூலியாட்கள் பறித்து இறக்குகிறார்கள். ஆகவே ஒரு பறிப்புக் காலம் என்பது ஏறக்குறைய மூன்று மாதம். இந்த மூன்று மாதத்தை இங்கே பிரஸ்தாபிப்பதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்துச் சட்டப் புத்தகங்களில், தோட்டத்து வாழ்க்கையைத் தொடுகிற இரண்டு வெவ்வேறு சட்டங்களில், இதே மூன்று மாதம் தண்டனையின் எல்லையாக எழுதப்பட்டிருந்தது.

முதலாவது, 1859-ஆம் ஆண்டின் 13-ஆவது சட்டம். முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராமலோ, வந்து பாதியில் விட்டோ போன தொழிலாளி, மாஜிஸ்திரேட் உத்தரவிட்ட பின்னும் பணத்தைத் திருப்பித் தராமலும் வேலையை முடித்துக் கொடுக்காமலும் இருந்தால், அவனுக்கு மூன்று மாதம் வரையில் கடுங்காவல் விதிக்கலாம் என்றது அது. இரண்டாவது, குற்ற விசாரணை முறைச் சட்டம். ஒரு வெள்ளைக்காரத் துரை கூலியாளை அடித்துக் காயப்படுத்தினான் என்று வழக்கு வந்து, அது சந்தேகத்துக்கு இடமின்றி ருசுவான பிறகும், முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் அத்துரைக்கு விதிக்கக்கூடிய அதிகபட்சச் சிறை மூன்று மாதந்தான். அதே மாஜிஸ்திரேட் அதே நாற்காலியில் அமர்ந்து நம்மவன் ஒருவனைக் குற்றத்துக்கு ஏற்ப இரண்டு வருஷம் வரையில் சிறைக்கு அனுப்பலாம். கடனுக்கு ஓடிப்போன ஏழைக்கும், ஆளை அடித்துச் சாய்த்த எஜமானனுக்கும் சட்டம் வகுத்த உச்சவரம்பு ஒன்றாகவே இருந்தது.

நியாயஸ்தலத் தண்டனையில் இனபேதம் என்றவுடன் பத்திரிகை வாசகர்களுக்கு அமெரிக்கா நினைவுக்கு வருவது இயல்பு. அங்கே 1986-இல் இயற்றப்பட்ட போதைப்பொருள் சட்டம், தூளாக உள்ள கொக்கைன் 500 கிராம் விற்பதற்காக வைத்திருந்தவருக்கு எந்த ஐந்தாண்டுச் சிறையைக் குறைந்தபட்சமாக விதித்ததோ, அதையே ‘கிராக்’ என்ற கட்டிக் கொக்கைன் 5 கிராம் அவ்வாறு வைத்திருந்தவருக்கும் விதித்தது. இரண்டும் ஒரே சரக்கின் இரு வடிவங்கள். ஆனால் கட்டிக் கொக்கைன் வழக்குகளில் சிறை சென்றோரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். நூறுக்கு ஒன்று என்ற அந்த விகிதத்தைப் பதினெட்டுக்கு ஒன்றாகக் குறைக்க 2010 வரையில், அதாவது 24 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று. சட்டத்தின் வாசகத்தில் நிறத்தைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை. நம் நாட்டிலோ அந்த மறைப்பும் கிடையாது. ஒருவனுடைய பிறப்பு இன்னது என்று கேட்டு, அதற்கேற்பத் தண்டனையை அளந்து கொடுக்கும்படி சட்டமே பட்டவர்த்தனமாகச் சொல்லிற்று. பழனி மலையையும் அதன் அடிவாரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டாலே இதன் முழு ரூபத்தையும் கண்டுகொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

மேல்மலையில் கொடைக்கானல் உருவான வரலாறு பலருக்குத் தெரியும். சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்ப, 1845-இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த குடும்பங்கள் அங்கே வீடு கட்டிக் குடியேறின. மதுரைக் கலெக்டராயிருந்த வியர் ஹென்றி லெவிஞ்சு 1863-இல் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். கீழ்மலையிலே, பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கங்களில், காப்பி பயிரேறிற்று. நீலகிரியிலும் வயநாட்டிலும் சேர்வராயன் மலையிலும் போலவே காப்பித் தோட்டமென்றால் மேஸ்திரியும் கங்காணியும் உண்டு. அவர்கள் அடிவாரத்துக் கிராமங்களுக்குப் போய், பஞ்சத்திலோ கல்யாணச் செலவிலோ கைவறண்டு நிற்கும் குடும்பங்களுக்கு முன்பணம் கொடுத்து, கைநாட்டு வாங்கி, மலைக்கு அழைத்து வருவார்கள். பணம் கைமாறிய அந்த நிமிஷத்தில், சாதாரணக் கடனாயிருந்திருக்க வேண்டியது குற்றவியல் சட்டத்துக்கு உட்பட்ட காரியமாகிவிட்டது. குளிரையும் மலைக்காய்ச்சலையும் தாங்கமாட்டாமல் ஊர் திரும்பியவனை வாரண்டு தொடர்ந்தது. ஆனால் கூலியைப் பிடித்துவைத்துக்கொண்ட தோட்டக்காரன் மேல் அதே சட்டத்தில் கைவைக்க ஒரு பிரிவும் இல்லை; அவன்மேல் சிவில் வழக்குப் போடலாமாம்! எழுதப் படிக்கத் தெரியாத கூலியாள் ஸ்டாம்புக் காகிதம் வாங்கி முனிசீப் கோர்ட்டுக்கு நடப்பதை எந்தச் சட்டசபை எதிர்பார்த்தது என்று தெரியவில்லை. இந்தச் சட்டம் ரத்தாகி அந்த ரத்து அமலுக்கு வந்தது 1926 ஏப்ரல் முதல் தேதியில்தான்.

இனி, துரைமார்களின் வழக்கு நடக்கும் விதத்தைப் பார்ப்போம். ‘ஐரோப்பிய பிரிட்டிஷ் பிரஜை’ என்று தனி வகுப்பாகச் சட்டம் அவர்களைப் பிரித்து வைத்திருந்தது. இந்திய மாஜிஸ்திரேட் எவரும் ஜில்லாக்களில் அவர்களை விசாரிக்கலாகாது. வெள்ளையரான மாஜிஸ்திரேட் விதிக்கலாம் மூன்று மாதம். வெள்ளையரான செஷன்ஸ் ஜட்ஜ் விதிக்கலாம் ஓராண்டு, அதற்கு மேல் இல்லை. மரண தண்டனைக்கோ ஆயுள்காலத் தீவாந்தரத்துக்கோ உரிய குற்றமானால் வழக்கு நேரே சென்னை ஹைகோர்ட்டுக்குப் போய்விடும். அங்கே ஜூரர்களில் குறைந்தது பாதிப்பேர் ஐரோப்பியர் அல்லது அமெரிக்கராக இருக்கும்படி கேட்டுக்கொள்ளத் துரைக்கு உரிமை உண்டு.

இந்த ஏற்பாடு நடைமுறையில் என்ன செய்தது என்பதற்கு உதாரணமாக, பெரும்பாறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு துரையின் அடியால் ஒரு கூலியாள் இறந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கண்ணால் கண்ட சாட்சி அவனோடு பழம் பறித்த இன்னொரு கூலியாள்தான். அந்தச் சாட்சி மலையிறங்கி, வத்தலக்குண்டு கடந்து, இன்று கொடைக்கானல் ரோடு என்று அழைக்கப்படும் அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் ரயிலேறி, முன்பின் பார்த்திராத சென்னைப் பட்டணத்தில் போய்த் தங்கி, சிவப்பு அங்கி அணிந்த நீதிபதிக்கும் வெள்ளை ஜூரர்களுக்கும் எதிரே நின்று, தன் எஜமானனுக்கு விரோதமாகச் சாட்சி சொல்லிவிட்டு, மறுபடியும் அதே எஜமானனுடைய லயத்துக்கு, அதாவது கூலியாட்களின் வரிசை வீட்டுக்குத் திரும்பி வந்தாக வேண்டும். அடித்தவனைக் காப்பாற்றப் பொய்ச் சாட்சி தேவையில்லை, தூரமே போதும்.

இது வெறும் கற்பனை என்று எண்ணவேண்டாம். 1875 அக்டோபர் 31, ஞாயிற்றுக்கிழமை, ஆக்ராவில் ஃபுல்லர் என்ற ஆங்கிலேய வக்கீல் குடும்பத்தோடு சர்ச்சுக்குப் புறப்பட்டபோது, வண்டியருகே இருக்க வேண்டிய குதிரைக்காரன் கட்வாரு சற்றுத் தாமதமாக வந்தான். ஃபுல்லர் அவன் தலையில் அறைந்து மயிரைப் பிடித்து இழுத்தார். கீழே விழுந்த கட்வாரு எழுந்து பக்கத்து வீட்டு வளவுக்குள் சென்று அங்கேயே உயிர் துறந்தான். மண்ணீரல் வெடித்து இறந்தான் என்றது வைத்தியப் பரிசோதனை. மாஜிஸ்திரேட் லீட்ஸ், காயம் விளைவித்தது குற்றமே என்று கண்டு விதித்த தண்டனை முப்பது ரூபாய் அபராதம். காய்ச்சல் நாடான இந்தியாவில் ஏழைகளின் மண்ணீரல் வீங்கியிருக்கும், இலேசான அடிக்கும் வெடித்துவிடும் என்ற வைத்திய நியாயம் அக்காலத்தில் எத்தனையோ துரைமார்களைச் சிறை வாசலிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறது. செத்தவனுடைய நோயே அவனைக் கொன்றவனுக்குச் சாட்சியாயிற்று! வைசிராய் லிட்டன் பிரபு, தாராள மனம் படைத்தவரென்று எவரும் சொல்லாத அந்த லிட்டனே, இந்தத் தீர்ப்பைக் கண்டு பொறுக்காமல் 1876 ஜூலையில் மாஜிஸ்திரேட்டைக் கண்டித்துத் தீர்மானம் வெளியிட்டார். அதற்காக வெள்ளையர் பத்திரிகைகள் அவர்மேல் சீறி விழுந்தன.

அடுத்து வந்த ரிப்பன் பிரபுவின் காலத்தில் இந்த அநீதியின் ஒரு சிறு மூலையைச் சரிசெய்ய முயற்சி நடந்தது. வங்காளத்தில் சிவில் சர்வீஸிலிருந்த பிகாரி லால் குப்தா, தம்மைப்போன்ற இந்திய உத்தியோகஸ்தர் பதவியில் உயர்ந்த பின்னும் ஒரு வெள்ளையனைக்கூட விசாரிக்க முடியாதிருப்பதைச் சர்க்காருக்கு எழுதிக் காட்டினார். அதன் விளைவாகச் சட்ட மந்திரி இல்பர்ட் 1883-இல் மசோதா கொண்டுவந்தார். தண்டனையின் அளவை மாற்றவும் அவர் முயலவில்லை. விசாரிக்கும் அதிகாரத்தில் மட்டுமே கை வைத்தார். அதற்கே தேயிலைத் தோட்டக்காரரும் அவுரித் தோட்டக்காரரும் கல்கத்தா வியாபாரிகளும் கூட்டம் கூட்டமாகத் திரண்டு எதிர்த்தனர். கடைசியில் 1884-இல் நிறைவேறிய சட்டம், இந்தியரான ஜில்லா மாஜிஸ்திரேட்டும் செஷன்ஸ் ஜட்ஜும் வெள்ளையரை விசாரிக்கலாம் என்று ஒரு கையால் கொடுத்து, அந்த வெள்ளையர் கேட்டால் பாதிப்பேர் ஐரோப்பியர் அல்லது அமெரிக்கராக உள்ள ஜூரியை வைத்தே தீரவேண்டும் என்று மறுகையால் எடுத்துக்கொண்டது. சென்னை மாநகராட்சியின் வெள்ளை மாளிகைக்கு ரிப்பன் பெயர் நின்றது. அவர் நினைத்த சமநீதி நிற்கவில்லை.

நம் சென்னை ராஜதானியில் ஹைகோர்ட் நீதிபதியான முதல் இந்தியர் திருவாரூர் முத்துசாமி ஐயர். அவர் அதற்கு முன் பட்டணத்தில் மாஜிஸ்திரேட்டாயிருந்தபோது, ஓர் இந்தியனை அடித்ததாக ஒரு வெள்ளைக்கார ஹைகோர்ட் நீதிபதியையே கோர்ட்டுக்கு வரச்செய்து மூன்று ரூபாய் அபராதம் விதித்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியோர் குறிக்கிறார்கள். மூன்று ரூபாய் எம்மாத்திரம் என்று இன்று தோன்றலாம். சம்மன் அனுப்பியதுதான் அங்கே பெருந்தண்டனை.

இதுவரையில் சொன்னது மேலேயிருப்பவருக்குக் கிடைத்த சலுகை. கீழேயிருப்பவர் தலையில் ஏற்றிய பாரம் இதைவிடக் கொடியது. மலையிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கித் தெற்கே சென்றால் உசிலம்பட்டிச் சீமை. பிறமலைக் கள்ளர் வாழும் அப்பிரதேசத்தில் 1914-இல் தொடங்கிப் படிப்படியாகக் குற்றப் பரம்பரைச் சட்டம் அமலாக்கப்பட்டது. வடநாட்டுக்கென்று 1871-இல் பிறந்து, 1911-இல் சென்னை ராஜதானிக்கும் விரிந்த சட்டம் அது. ஒரு ஜாதி முழுவதையும் சர்க்கார் அறிவிப்பினால் குற்றவாளிக் கூட்டமாக்கி, குற்றம் செய்தவன், செய்யாதவன் என்ற பேதமின்றி, வயது வந்த ஆண்களின் பெயரையும் விரல் ரேகையையும் பதிவு செய்தார்கள். ஜனங்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். மை தடவிய பலகையில் ஒவ்வொரு விரலாக அழுத்தி உருட்டி எடுத்த அந்த ரேகைக்குப் பிறகு, இரவானால் சாவடியில் போய்ப் படுத்துத் தன் இருப்பைக் காட்டவேண்டும். அயலூருக்குப் போவதானால் ராதாரிச் சீட்டு வாங்கவேண்டும். மனைவிக்குப் பிரசவ வேதனை கண்டிருந்தாலும் விதிவிலக்குக் கிடையாது. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் போலீஸார் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள். இந்தச் சோகம் இன்று ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் அங்கே அஞ்சலி செலுத்துகிறார்கள். அதிகமாகப் பேசப்படாதது அச்சட்டத்தின் 23-ஆம் பிரிவு. அதைச் சற்று நின்று பார்க்கவேண்டும்.

இரவில் கன்னம் வைத்து வீடு புகுந்தவனுக்கு இந்தியத் தண்டனைச் சட்டம் இன்ன வருஷம் ‘வரையில்’ சிறை என்று உச்சவரம்பைத்தான் சொல்லிற்று. பசிக்குத் திருடினானா, பழக்கத்தால் திருடினானா, வயதென்ன, எடுத்ததென்ன என்று ஆராய்ந்து ஆறு மாதமோ இரண்டு வருஷமோ விதிப்பது நீதிபதியின் விவேகத்துக்கு விட்ட காரியம். மறுபடி குற்றம் செய்தவனுக்கு அதிகத் தண்டனை வேண்டுமென்றால், அதற்கும் அதே சட்டத்தில் 75-ஆம் பிரிவு இருந்தது. அது எல்லா ஜாதியாருக்கும் பொது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு செய்தது வேறு. குறித்த சில குற்றங்களில் ஒருமுறை தண்டனை பெற்றவன், குற்றப் பரம்பரை என அறிவிக்கப்பட்ட ஜாதியைச் சேர்ந்தவனாயிருந்து, இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால் ஏழு வருஷத்துக்குக் குறையாத சிறை. மூன்றாம் முறையானால் ஆயுள்காலத் தீவாந்தரம். குறைக்க வேண்டுமானால் நீதிபதி விசேஷக் காரணத்தைத் தீர்ப்பில் எழுதிக் காட்டவேண்டும். பொதுச் சட்டம் வீட்டின் கூரையை உயர்த்தியது என்றால், இந்தச் சட்டம் தரையையே உயர்த்திவிட்டது. உள்ளே நிற்பவனுக்குக் குனிய இடமில்லை. ஒரே இரவில், ஒரே கன்னத்தின் வழியே, இரண்டு ஆட்கள் சேர்ந்து புகுந்து சேர்ந்து பிடிபட்டாலும், இருவருக்கும் பழைய தண்டனை ஒன்று இருந்தாலும், ஒருவன் ஓராண்டில் வீடு திரும்பலாம், மற்றவன் ஏழாண்டுக்குத் திரும்பமுடியாது. வித்தியாசம் அவர்கள் செய்த செயலில் இல்லை, அவர்களைப் பெற்றவர்களில் இருந்தது. 24-ஆம் பிரிவோ இன்னும் ஒரு படி மேலே போய், ரேகை பதிந்தவன் திருடச் சமயம் பார்த்திருந்ததாகத் தோன்றும் நிலையில் எங்கேனும் காணப்பட்டாலே மூன்று வருஷம் வரையில் சிறை என்றது. சமயம் பார்த்திருந்தான் என்பதைப் போலீஸ்காரரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறெதைக் கொண்டு ருசுப்படுத்துவார்கள்?

அக்காலத்தில் மதுரையில் பாரிஸ்டராயிருந்த ஜார்ஜ் ஜோசப் இந்த ஜனங்களுக்காகக் கோர்ட்டிலும் மேடையிலும் வாதாடினார். மலையாள தேசத்துக் கிறிஸ்தவரான அவரை அவர்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று அழைத்துக் கொண்டாடினார்கள். முத்துராமலிங்கத் தேவர் முதுகுளத்தூர்ச் சீமையிலிருந்து பல்லாண்டு இச்சட்டத்தை எதிர்த்துப் போராடினார். 1947-இல் சென்னை மாகாணம் அதை ரத்துச் செய்தது. தேசம் முழுவதற்கும் ரத்தானது 1952 ஆகஸ்ட் 31-இல். வெள்ளையர் சலுகை விஷயத்தில், தேஜ் பகதூர் சாப்ரு தலைமையில் அமைந்த கமிட்டியின் பயனாக 1923-இல் பெரும்பகுதி குறைந்து, 1949-இல் தனிச் சட்டம் ஒன்றினால் மிச்சமும் துடைக்கப்பட்டது. ஆக, யூனியன் ஜாக் இறங்கி இரண்டு வருஷம் வரையில் ஐரோப்பியரின் தனி உரிமைகள் சில நம் சட்டப் புத்தகத்தில் உயிரோடிருந்தன.

எழுத்திலிருந்த பேதம் போயிற்று. நடைமுறையிலிருந்தது போயிற்றா? என் விடை, போகவில்லை என்பதே. ஆனால் எவ்வழியாக நுழைகிறது என்பதை நிதானமாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் நீதிபதிகள் எல்லாரும் ஜாதி பார்த்துத் தீர்ப்பளிக்கிறார்கள் என்று ஒரே வீச்சில் சொல்லிவிடுவது உண்மைக்கும் விரோதம், பரிகாரத்துக்கும் விரோதம்.

கூலி வேலை செய்யும் ஓர் ஏழை இளைஞன் சில்லறைத் திருட்டு வழக்கில் பிடிபடுகிறான். ஜாமீன் கிடைக்கிறது; ஆனால் கையெழுத்திட, சொத்தோ வரி ரசீதோ உள்ள இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும். கொத்துக் கொத்தாக லயத்தில் வாழும் அவன் உறவினரில் அப்படி ஒருவரும் இல்லை. இரண்டு மாதம் உள்ளேயே கிடந்தவனிடம், குற்றத்தை ஒப்புக்கொண்டால் இருந்த நாளையே தண்டனையாகக் கழித்து இன்றைக்கே விட்டுவிடுவார்கள் என்று யாரோ சொல்கிறார்கள். செய்தானோ செய்யவில்லையோ, ஒப்புக்கொண்டு வெளியே வருகிறான். அன்று அவனுக்குக் கிடைத்தது விடுதலையல்ல, பழைய தண்டனை என்ற முத்திரை. அடுத்த முறை அவ்வூரில் எது காணாமற்போனாலும் போலீஸார் முதலில் தேடுவது அவனை. கோர்ட்டில் ஏறினால் முன்பே தண்டனை பெற்றவன் என்ற குறிப்பு அவனுக்கு முன்னால் நிற்கிறது. தண்டனை தானே கூடுகிறது. இதே குற்றத்தில் சிக்கும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அன்று மாலையே ஜாமீனில் வந்து, வக்கீல் வைத்து, மூன்று வருஷம் கழித்து விடுதலையாகிறான். இரண்டாம் தண்டனைக்கு ஏழு வருஷம் என்ற பிரிவு மடிந்துபோனாலும், முதல் தண்டனையை யார் எளிதில் சம்பாதிக்கிறார்கள் என்பது இன்னமும் பெரும்பாலும் பிறப்பைப் பொறுத்ததாகவே இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சிறைக் கணக்கில், தண்டனை பெற்ற கைதிகளில் தாழ்த்தப்பட்டோர் 21.7 சதவீதம், பழங்குடியினர் 13.6 சதவீதம், 2011 ஜனத்தொகையில் அவர்கள் பங்கு 16.6, 8.6 சதவீதந்தான். தூக்கு தண்டனைக் கைதிகளைப்பற்றி டில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, அவர்களில் 76 சதவீதத்தினர் பிற்பட்ட வகுப்பினரும் சிறுபான்மை மதத்தினருமே என்றும், நூற்றுக்கு 74 பேருக்கு மேல் வறியவர்கள் என்றும் கண்டது.

குற்றம் யார்மேல் இழைக்கப்பட்டது என்பதும் தராசில் ஏறுகிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து சாம்பலானார்கள். எல்லாரும் தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பத்தார். தீவைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்கள் சிலருக்குச் செஷன்ஸ் கோர்ட் பத்தாண்டுச் சிறை விதித்தது. அப்பீலில் ஹைகோர்ட் அவர்களை விடுதலை செய்தது. நிலமும் காரும் உடைய பெரிய மனிதர்கள் ஆட்களை ஏவாமல் தாங்களே நடந்துபோய்த் தீவைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அத்தீர்ப்பில் கண்ட காரணங்களில் ஒன்று. அந்தஸ்தே நிரபராதித்துவத்துக்கு அத்தாட்சியானதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். 1992 ஜூனில் தர்மபுரி ஜில்லா வாச்சாத்தியில் சந்தனக்கட்டை தேடி வந்த சர்க்கார் சிப்பந்திகள், மலைவாழ் பெண்கள் 18 பேரைப் பாழ்படுத்தினார்கள். கடத்தல்காரர் என்று குழந்தைகள் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட கிராமத்தார் உடனே சிறைக்குப் போனார்கள். குற்றம் செய்த 215 உத்தியோகஸ்தர்களுக்குத் தண்டனை அறிவிக்க 2011 வரையில் ஆயிற்று, அவர்கள் அப்பீல் தள்ளுபடியாக 2023 வரையில் ஆயிற்று.

இத்தகைய பேதத்தைக் கோர்ட்டில் நிரூபிப்பது எளிதல்ல. அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்துக் கொலை வழக்குகளை ஆராய்ந்த நிபுணர்கள், கொலையுண்டவர் வெள்ளையரானால் கொலையாளிக்கு மரண தண்டனை கிடைக்கும் வாய்ப்பு 4.3 மடங்கு அதிகம் என்று கணக்கெடுத்துக் காட்டினார்கள். 1987-இல் மெக்ளெஸ்கி என்ற கைதியின் வழக்கில் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட், கணக்கு சரியென்றே வைத்துக்கொண்டாலும் இந்தக் குறிப்பிட்ட மனிதனுக்குப் பட்சபாதத்தினால்தான் தண்டனை விதிக்கப்பட்டது என்பதை அது காட்டாது என்று, ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில், தள்ளிவிட்டது. அவ்வளவு தூரம் வாதாடவாவது அங்கே கணக்கு இருந்தது. நம்மிடம் அதுவும் இல்லை. இன்ன குற்றத்துக்கு, இன்ன சமூகத்தைச் சேர்ந்தவருக்கு, இன்ன கோர்ட் சராசரியாக எத்தனை வருஷம் விதிக்கிறது என்ற விவரத்தை நம் நீதிமன்றங்கள் வெளியிடுவதில்லை. தண்டனை விதிப்பதற்கு நெறிமுறை வகுக்க வேண்டுமென்று மலிமத் கமிட்டி 2003-இலேயே சிபாரிசு செய்தும் அப்படி ஒன்று இன்னும் ஏற்படவில்லை.

சமீபத்தில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. 2024 அக்டோபர் 3-ஆம் தேதி நம் சுப்ரீம் கோர்ட், சிறைகளில் ஜாதி பார்த்து வேலை பிரித்துக் கொடுப்பதும் அறை பிரிப்பதும் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. பாளையங்கோட்டைச் சிறையில் கைதிகளை ஜாதிவாரியாக வைத்திருந்த வழக்கமும் அவ்வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டது. பழைய குற்றப் பரம்பரைச் சட்டத்தின் வாடை சிறை விதிகளில் ஒட்டிக்கொண்டிருப்பதையும் நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள். சிறைப் பதிவேட்டிலுள்ள ஜாதிக் கலத்தை நீக்கும்படியும் உத்தரவாயிற்று. வார்டரின் கையிலிருக்கும் புத்தகத்தில் ஜாதி இருக்கலாகாது என்பது முற்றிலும் நியாயம். ஆனால் அதோடு கணக்கெடுப்பே கூடாது என்று யாரும் பொருள் கொண்டுவிடக் கூடாது. பெயர் நீக்கி, ஹைகோர்ட்டின் பொறுப்பில், குற்றம், சமூகம், ஜாமீன், வக்கீல், தண்டனை ஆகிய விவரங்களைத் திரட்டி ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அதைச் செய்யச் சென்னை ஹைகோர்ட்டுக்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

அதுவரையில், மலையில் இருப்பவர்களும் அவர்களுக்கு அறிமுகமானவர்களும் ஒரு விஷயத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், தொழிலாளர்கள், காவலில் இருக்கும் எவரும் கட்டணமின்றி வக்கீல் பெற உரிமையுடையவர்கள். பெரும்பாறையிலுள்ள பளியர் என்ற பழங்குடியினரானாலும், தோட்டக் கூலியானாலும், திண்டுக்கல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மனு எழுதினாலும் சரி, 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் சரி. வீட்டார் யாராவது பிடிபட்டால், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லிக் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் அந்த வக்கீல் வந்து சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.